இரண்டாவது கவுண்டரில் விண்டோ ஏன் பிடிபடவில்லை?

“அண்ணை, திருநெல்வேலியில் மாமாவின் மருந்துக்கடையில் பில் போடுகிற பழைய புரோகிராம் ஒன்று இருக்கு. பில்லின் மொத்தத்தை அதிலிருந்து எடுத்து, மருந்து வாங்க வந்தவருக்குத் தெரியிற மாதிரி முன்னால் திருப்பி வைத்த திரையில் பெரிய எழுத்தில் காட்ட, பைதானில் சின்னப் புரோகிராம் எழுதினேன். பில் புரோகிராமின் விண்டோவை, அதன் தலைப்பைக் கொடுத்து விண்டோஸின் ஃபைண்ட்விண்டோ என்ற கட்டளையால் தேடுகிறேன், கிடைக்காவிட்டால் அது பூச்சியம் தரும். தலைப்பில் கடையின் பெயர் தமிழில் இருக்கு, ஸ்ரீ என்று தொடங்கும். என் லப்டொப்பிலும் அந்தப் பில் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன், எப்பவும் கிடைக்குது. கடையில் முதலாவது கவுண்டரில் கிடைக்குது, ஆனால் கரண்ட் போய் வந்தால் கிடைக்காது. இரண்டாவது கவுண்டரில் ஒருநாளும் கிடைத்ததில்லை. நேற்று, புரோகிராமைத் தானாய் ஓட்டுகிற விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போட்டேன், இப்போது இரண்டிலும் பூச்சியம்தான். விண்டோஸில் ஏதும் பிழையா?”

தம்பி, விண்டோஸில் பிழை இல்லை. நீங்கள் ஒரு கோளாறு என்று நினைத்துத் தேடுகிறீர்கள், எனக்கு மூன்று தெரிகிறது. அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால்தான் எதைத் திருத்தினாலும் திருந்தாத மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுப்போம்.

கடைசியாய் வந்ததுதான் சுகமானது. டாஸ்க் ஷெடியூலரில் பதியும்போது, பயனர் லொக்-இன் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடட்டும் என்ற தெரிவைப் போட்டிருப்பீர்கள். பார்க்க நல்ல தெரிவு மாதிரித்தான் இருக்கும். அதைப் போட்டவுடன் உங்கள் புரோகிராம் போய் நிற்பது செஷன் 0 இல், அதாவது பின்னணிச் சேவைகளுக்கென விண்டோஸ் ஒதுக்கிய தனி அறை மாதிரி ஒன்றில். மாமா பில் போடுவது பெரும்பாலும் செஷன் 1 இல், லொக்-இன் ஆன பயனரின் அறையில். எக்ஸ்பி காலத்தில் பின்னணிச் சேவைகளும் முதலில் நுழைந்த பயனரும் ஒரே செஷனில்தான் இருந்தார்கள். 2007 இல் விஸ்டா வந்தபோது அதைப் பிரித்துவிட்டார்கள். அந்தப் பழைய காலத்துக் குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் கனபேர் இதில் மாட்டுப்படுகிறார்கள். ஃபைண்ட்விண்டோவும் சரி, விண்டோக்களை ஒவ்வொன்றாய் எடுத்துத் தரும் எனம்விண்டோஸும் சரி, தாங்கள் நிற்கும் டெஸ்க்டொப்பில் உள்ள விண்டோக்களை மட்டுமே பார்க்கும். அடுத்த செஷனில் என்ன திறந்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியவே தெரியாது. பிழைச் செய்தியும் வராது, வெறும் பூச்சியம்தான் வரும்.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். டாஸ்க் மனேஜரில் விவரங்கள் பக்கத்துக்குப் போய், மேல் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து செஷன் ஐடி என்ற நிரலைச் சேருங்கள். பில் புரோகிராமுக்கு 1, பைதானுக்கு 0 என்று இருந்தால் காரணம் அதுதான். பயனர் லொக்-இன் ஆகியிருக்கும்போது மட்டும் ஓடு என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஷெடியூலரை விட்டுவிட்டு ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு ஷோர்ட்கட் போடுங்கள். ஒரு கடைக் கம்பியூட்டருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

அடுத்ததுக்குப் போக முன்னம் ஒரு வேலை செய்ய வேண்டும். இப்போது உங்கள் புரோகிராம் ‘கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்று இரண்டு பதில்தான் சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கண் முன்னே என்ன தெரிகிறது என்பதை எழுத வையுங்கள். எனம்விண்டோஸால் எல்லா விண்டோக்களையும் ஓடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: ஹாண்டில் எண் (விண்டோவுக்கு விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண்), கிளாஸ் பெயர் (அது எந்த வகை விண்டோ என்பது), தலைப்பு, கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா, அகலம் உயரம், எந்த புரொசெஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) எண், அந்த புரொசெஸின் கோப்புப் பெயர். எனம்விண்டோஸுக்குக் கொடுக்கும் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் ‘சரி, தொடரு’ என்று ட்ரூவைத் திருப்பித் தரவேண்டும். அதை மறந்தால் பட்டியல் அந்த இடத்திலேயே நின்றுபோகலாம். இதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதுங்கள். கோப்பைத் திறக்கும்போது, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீடு என்று வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பைதான் விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கத்தில், அதாவது தமிழ் இல்லாத பழைய எழுத்து அட்டவணையில், எழுதப் பார்த்து, முதல் தமிழ் எழுத்திலேயே விழுந்துவிடும்.

இந்தப் பட்டியலை இரண்டு கவுண்டரிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது கவுண்டரில் பில் புரோகிராமின் விண்டோ பட்டியலில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தலைப்பும் நீங்கள் கொடுத்த அதே தலைப்பாய்த்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஃபைண்ட்விண்டோ இல்லை என்கிறது என்றால், கண் பார்ப்பதும் கம்பியூட்டர் பார்ப்பதும் வேறு என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஃபைண்ட்விண்டோ முழுத் தலைப்பையும் ஒப்பிடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, ஆனால் ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் இல்லை என்றுவிடும். பாதித் தலைப்பைக் கொடுத்தாலும் அப்படித்தான். இது ஆங்கிலத் தலைப்புக்கே தலையிடி. நடுவில் இருக்கும் கோடு சாதாரணக் கோடாக இருந்தால் கம்பியூட்டருக்குள் அதன் குறியெண் 45, கொஞ்சம் நீளக் கோடாக இருந்தால் 8211. மைக்ரோசொஃப்ட் எட்ஜ் உலாவியின் தலைப்பில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் கண்ணுக்கே தெரியாத பூச்சிய அகல இடைவெளி ஒன்று உட்கார்ந்திருக்கும், குறியெண் 8203. அதைத் தட்டெழுதித் தேடினவர்கள் எத்தனை மணித்தியாலம் தொலைத்திருப்பார்கள்!

தமிழில் இன்னும் ஒரு படி ஆழம். உங்கள் கடையின் பெயர் ஸ்ரீ என்று தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாய் எழுத முடியும். ஒன்று ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி. மற்றது 2005 இல் யூனிகோடு 4.1 இல் சேர்ந்த ஶகரத்தை முதலில் வைத்து, மற்ற மூன்றும் அப்படியே. ஸகரத்தின் குறியெண் 3000, ஶகரத்தினது 2998. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகத்தான் வரைந்து காட்டும். இரண்டிலும் குறிகள் நான்கு, அதனால் நீளத்தை எண்ணிப் பார்த்தாலும் பிடிபடாது. எந்த விசைப்பலகையால் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றோ மற்றதோ விழும்.

இப்போது உங்கள் கதையைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். லப்டொப்பில் பில் புரோகிராமை நிறுவிக் கடைப் பெயரை அடித்தது நீங்கள். பைதானில் தலைப்பை அடித்ததும் நீங்கள், அதே விசைப்பலகையால். இரண்டும் பொருந்தத்தானே செய்யும். கடையிலோ, இரண்டு கவுண்டருக்கும் பெயரை அடித்தவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், அல்லது ஒரே ஆள் வேறு வேறு விசைப்பலகையால் அடித்திருக்கலாம். முதலாவது கவுண்டரின் ஸ்ரீ உங்கள் ஸ்ரீயோடு பொருந்தியது, இரண்டாவதினது பொருந்தவில்லை. ஊகம்தான், ஆனால் சோதிப்பது சுகம்: இரண்டு தலைப்பையும் எடுத்து ஒவ்வொரு குறிக்கும் எண்ணை வரிசையாய் அச்சிடுங்கள். ஒன்றில் 3000 உம் மற்றதில் 2998 உம் முதலாவதாய் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

அதே சோதனையில் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் இடங்களையும் பாருங்கள். ‘கொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக, 3018 ஆக வரலாம். 3014, 3006 என்று இரண்டாய்ப் பிரிந்தும் வரலாம். இந்த இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு ஒப்புக்கொள்வதால், பைதானில் உள்ள நோர்மலைஸ் வசதியால் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஸ்ரீக்கு அது உதவாது. 3000 உம் 2998 உம் வேறு வேறு எழுத்துகள் என்பதுதான் யூனிகோடின் கணக்கு, அதை நீங்களே மாற்றி எழுதினால்தான் உண்டு.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயராக இருந்தால் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுத்திருக்கும். எங்கட அச்சகங்களிலும் கந்தோர்களிலும் இன்னும் பாமினியில் ஓடுகிற கோப்புகள் கனக்க இருக்கின்றன. பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். விண்டோவின் தலைப்பை வரைவது விண்டோஸின் சொந்த எழுத்துரு என்பதால், அது விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். உங்களுக்குத் தமிழாகத் தெரிகிறது என்பதால் அது யூனிகோடுதான்.

அந்த ஒரு தகவலே இன்னொன்றையும் சொல்கிறது. விண்டோஸின் இயல்பான பழைய குறியீட்டுப் பக்கமாக வைக்கத் தமிழுக்கென ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. யூனிகோடு தெரியாத விபி6 (விஷுவல் பேசிக் 6) போன்ற பழைய புரோகிராமிங் கருவிகளில் எழுதிய புரோகிராம் தமிழ்த் தலைப்பு வைக்கப் பார்த்தால் வரிசையாய்க் கேள்விக்குறிதான் வரும். ஆகவே உங்கள் பில் புரோகிராம் பழையது என்றாலும் பெரும்பாலும் டொட்நெட்டிலோ, 2009 அல்லது அதற்குப் பிந்திய டெல்ஃபியிலோ எழுதியதாக இருக்கும். நீங்கள் அழைக்கும் ஃபைண்ட்விண்டோவும் டபிள்யூ என்று முடிகிற யூனிகோடு வகையாக இருக்கட்டும். ஏ என்று முடிகிறதை அழைத்தால் நீங்கள் கொடுத்த தமிழ்ப் பெயரும் போகிற வழியிலேயே கேள்விக்குறியாகிவிடும்.

இவ்வளவும் சொன்னது கோளாறு எங்கே என்று விளங்கத்தான். திருத்தம் என்று கேட்டால், தலைப்பை வைத்துத் தேடுவதையே விட்டுவிடுங்கள். தலைப்பு என்பது படலையில் எழுதியிருக்கும் பெயர் மாதிரி. இன்றைக்கு ஒரு நிறம் பூசுவார்கள், நாளைக்குப் பெயரை மாற்றுவார்கள். எங்கட ஒழுங்கைகளில் வீடு தேடுகிறவர் படலையை நம்பி நிற்கமாட்டார், இன்னாருடைய வீடு எது என்றுதான் கேட்பார். விண்டோவுக்கும் அப்படிக் கேளுங்கள். ஹாண்டிலிலிருந்து அதை உருவாக்கிய புரொசெஸின் எண்ணை எடுக்கலாம், எண்ணிலிருந்து கோப்புப் பெயரை எடுக்கலாம். பில் புரோகிராமின் கோப்புப் பெயர் இரண்டு கவுண்டரிலும் ஒன்றுதான், யார் எந்த விசைப்பலகையில் அடித்தாலும் அது மாறாது.

கிளாஸ் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அதிலும் ஒரு கவனம். டொட்நெட்டில் விண்டோக்களைக் கட்டும் வின்ஃபோர்ம்ஸ் முறை என்றால் கிளாஸ் பெயர் விண்டோஸ்ஃபோர்ம்ஸ்10 என்று தொடங்கும், வால் பகுதி கம்பியூட்டருக்குக் கம்பியூட்டர் மாறலாம். அதனால் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். இன்னொரு டொட்நெட் முறையான டபிள்யூபிஎஃப் என்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாய் ஒரு நீண்ட எண் அதில் ஒட்டியிருக்கும். டெல்ஃபி என்றால் ஃபோர்முக்கு (விண்டோவுக்கு) எழுதியவர் வைத்த வகைப் பெயரே கிளாஸ் பெயராக இருக்கும், நிலையானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விண்டோவும் கூடவே இருக்கலாம், டிஅப்ளிகேஷன் என்ற கிளாஸில். தலைப்பும் ஏறக்குறைய அதேதான். தேடினால் அதுவும் அகப்படும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிறதா, அகலமும் உயரமும் பூச்சியத்துக்கு மேலா என்று பார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள். பில் புரோகிராம் வேறொரு கம்பியூட்டரில் ஓடி, ரிமோட் டெஸ்க்டொப்பால் இங்கே தெரிகிறது என்றால் மட்டும் இந்த வழி முழுதும் அடைபடும். அப்போது உங்கள் கம்பியூட்டரில் இருப்பது ஒரே ஒரு விண்டோ, உள்ளே எல்லாம் படம்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் வந்தவுடன் கம்பியூட்டர் எழும்பும்போது பில் புரோகிராமும் உங்கள் புரோகிராமும் ஒன்றாய்த் தொடங்குகின்றன. பில் புரோகிராம் தரவுத்தளத்தைத் திறந்து எழும்ப நேரம் எடுக்கும், உங்களுடையது உடனே எழும்பித் தேடும். நீங்கள் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை தேடி, கிடைத்த ஹாண்டிலை வைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இரண்டில் ஒன்று நடக்கும். விண்டோ இன்னும் பிறக்கவில்லை, பூச்சியம். அல்லது தொடக்கத்தில் சில விநாடி மட்டும் தெரியும் அந்த முகப்புப் படத்தின் விண்டோ அகப்படும், அது மூடியவுடன் உங்கள் கையில் இருப்பது செத்த ஹாண்டில். சாதாரண நாளில் மாமா பில் புரோகிராமைத் திறந்து வைத்தபிறகு நீங்கள் உங்களுடையதை ஓட்டியிருப்பீர்கள், அதனால் தெரியவில்லை.

இதற்குச் சிலர் முப்பது விநாடி தூங்கிவிட்டுத் தேடு என்று எழுதுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. ஒருநாள் தரவுத்தளம் திறக்க நாற்பது விநாடி எடுக்கும், அன்றைக்கு விழுந்துவிடும். விநாடிக்கு ஒருமுறை, கையில் உள்ள ஹாண்டில் இன்னும் உயிரோடு இருக்கிறதா, அது இன்னும் அதே புரொசெஸினதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பத் தேடுங்கள். இரண்டாவது கேள்வியை விடாதீர்கள். மூடிய விண்டோவின் ஹாண்டில் எண்ணைப் பிறகு வேறொரு விண்டோவுக்கு விண்டோஸ் கொடுக்கக்கூடும். அதே காரணத்தால் ஹாண்டிலைக் கோப்பில் எழுதிவைத்து அடுத்த நாள் பாவிக்கவும் கூடாது. முகப்புப் படத்தைத் தவிர்க்க, கிடைத்த விண்டோவுக்குள் மொத்தத் தொகைப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் இதுதான் என்று எடுங்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாய் அங்கேதான் நிற்பீர்கள். ஃபைண்ட்விண்டோ மேல்மட்ட விண்டோக்களை மட்டும் தேடும். உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கு எனம்சைல்ட்விண்டோஸ், அது பேரப்பிள்ளைகள் வரை இறங்கும். பெட்டியைக் கண்டுபிடித்தபிறகு கெட்விண்டோடெக்ஸ்டால் வாசித்தால் பெரும்பாலும் வெறுமைதான் வரும், அடுத்த புரோகிராமின் பெட்டிக்குள் இருப்பதை அது வாசிக்காது. உன் எழுத்தைத் தா என்று கேட்கும் 13 ஆம் இலக்கச் செய்தியை, கெட்டெக்ஸ்ட் என்பதை, குறித்த நேரம் மட்டும் காத்திருக்கும் சென்ட்மெசேஜ்டைம்அவுட்டால் அனுப்பிக் கேளுங்கள். வெறும் சென்ட்மெசேஜ் வேண்டாம். பில் புரோகிராம் பிரிண்டருக்காகக் காத்து உறைந்து நின்றால் உங்களுடையதும் கூடவே உறையும்.

தொகை டெல்ஃபியின் லேபிளில் இருந்தால் இதுவும் பலிக்காது. அந்த லேபிளுக்கு ஹாண்டிலே கிடையாது, ஃபோர்மின் மேல் வரைந்த எழுத்து மட்டும். வின்ஃபோர்ம்ஸில் லேபிளுக்கும் ஹாண்டில் உண்டு, பயப்படத் தேவையில்லை. வின்ஃபோர்ம்ஸ்தான் என்றால் பைதானின் பைவின்ஓட்டோ நூலகத்தை, திரையில் உள்ளதை வாசிக்க விண்டோஸ் தரும் யூஐஏ முறையில் பாவித்துப் பாருங்கள். புரோகிராமை எழுதியவர் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயரே அடையாளமாகக் கிடைக்கும், அது ஒவ்வொரு முறையும் மாறாது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இதை ஒரு மருந்துக்கடையில் போடப் போகிறீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு இரும்புக்கடைக்கு, பிரிண்ட் பண்ணவா என்று வரும் சின்னப் பெட்டிக்குத் தானாக ஓம் அழுத்தும் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். விண்டோஸின் சாதாரண உரையாடல் பெட்டிகளுக்கெல்லாம் ஒரே கிளாஸ் பெயர்தான்: முன்னால் ஒரு ஹாஷ் குறி, பிறகு 32770. நான் அதை மட்டும் பார்த்துத் தேடினேன். பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கடைக்காரரின் கை அன்றைய கணக்கை மூடும் பொத்தானில் பட்டுவிட்டது. இன்றைய கணக்கை மூடவா என்று பெட்டி வந்தது. அவர் இல்லை என்று அழுத்த முன்னம் என் புரோகிராம் ஓம் என்று அழுத்திவிட்டது. மிச்ச பில்லெல்லாம் அடுத்த நாள் தேதியில் விழுந்தன. அதை நேராக்க அவரும் மகளும் இரண்டு இரவு கணக்குக் கொப்பியோடு குந்தியிருந்தார்கள், நானும் பக்கத்தில் இருந்தேன். பிழையான விண்டோவைக் கண்டுபிடிப்பது, ஒன்றுமே கண்டுபிடிக்காததைவிடக் கெடுதல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் திரையில் தெரியும் தொகையைப் பார்த்துத்தான் வயதான ஒரு அம்மா முடிச்சவிழ்த்துக் காசு எண்ணப் போகிறா. ஆகவே விண்டோ ஒன்றுக்கு மேல் பொருந்தினால் முதலாவதை எடுக்காதீர்கள். வாசித்தது இலக்கமாக இல்லாவிட்டால், போன முறை வாசித்ததைத் தொடர்ந்து காட்டாதீர்கள். இரண்டிலும் முன்திரையில் வெறும் கோடு போட்டுவிடுங்கள், கவுண்டரில் நிற்பவர் வாயால் தொகையைச் சொல்லட்டும். இன்னொன்று, இப்போது செய்கிற மாதிரி வாசிப்பதோடு நில்லுங்கள். பொத்தான் அழுத்தவோ எழுதவோ போனால், பில் புரோகிராம் நிர்வாகி உரிமையில் ஓடும் கம்பியூட்டரில் விண்டோ கிடைத்தும் அனுமதி மறுப்பு, பிழை எண் 5 வரும். அதைத் தாண்ட உங்கள் புரோகிராமையும் நிர்வாகியாக ஓட்டவேண்டி வரும். தொகை காட்டுகிற ஒரு வேலைக்கு அவ்வளவு அதிகாரம் தேவையில்லை.

இன்றைக்குப் பின்னேரம் கடை பூட்ட முன்னம் முதலில் ஷெடியூலரை மாற்றிவிட்டு, இரண்டு கவுண்டரிலும் அந்தப் பட்டியலை எடுத்து, கடைப் பெயர் உள்ள இரண்டு வரியையும் குறியெண்களோடு அனுப்புங்கள். முதலாவது கவுண்டரில் இன்னொரு பட்டியலும் வேண்டும்: கம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டு, பில் புரோகிராம் எழும்பும் அந்த முதல் ஒரு நிமிடத்துக்கு இரண்டு விநாடிக்கு ஒருமுறை எடுத்தது. முகப்புப் படத்தின் விண்டோ எது, உண்மையானது எது என்று அதில் தெரியும். கிளாஸ் பெயரைப் பார்த்தபிறகு, தொகைப் பெட்டியை எந்த வழியால் வாசிக்கலாம் என்று எழுதுகிறேன்.